கதை விளையாட்டு மேசைக்குப் பின்னணி இசை அமைப்பது எப்படி: திணை வழியில் ஒரு முழுமையான வழிகாட்டி

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆர்பிஜி (ரோல் பிளேயிங் கேம்) விளையாட்டில் கண்ணுக்கு விருந்து என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்த நாள் முதல் இன்றுவரை இந்த விளையாட்டு வாய்ச்சொல்லால்தான் நடக்கிறது. காடும் கோட்டையும் பூதமும் கதையை நடத்தும் கேம் மாஸ்டர் சொல்லச் சொல்லத்தான் எழுகின்றன. சொல் போய்ச் சேரும் அதே காதுக்குத்தான் இசையும் போகிறது என்பதால், நல்ல பின்னணி இசை சொல்லைத் தாங்கிப் பிடிக்கும். பொருந்தாத இசை சொல்லோடு மல்லுக்கு நிற்கும்.

மதுரை கே.கே. நகரில் ஒரு மொட்டைமாடி அறையில் பல ஆண்டுகளாக ஞாயிறுதோறும் கதை நடத்திவருகிறேன். தொடக்கத்தில் நானும் எல்லோரையும் போல ‘சோகம்’, ‘வீரம்’, ‘மர்மம்’ என்று உணர்ச்சிக்கு ஒரு பிளேலிஸ்ட் வைத்திருந்தேன். சோகக் காட்சிக்குச் சோக இசை ஓடும்போது விளையாடுபவர் அழ வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளாவதையும், அவர் மனத்தில் அப்போது எழுந்த கோபத்துக்கோ சிரிப்புக்கோ இடமில்லாமல் போவதையும் பார்த்த பிறகு அந்த முறையைக் கைவிட்டேன். இப்போது நான் பின்பற்றும் விதி ஒன்றுதான்: பின்னணி இசை நிலத்தையும் பொழுதையும் மட்டும் சொல்ல வேண்டும்; உணர்ச்சியை மேசையில் இருப்பவர்களிடம் விட்டுவிட வேண்டும். முதற்பொருளும் (நிலமும் பொழுதும்) கருப்பொருளும் (அந்நிலத்துக்கு உரியவையும்) அமைந்துவிட்டால் உரிப்பொருள் (உணர்ச்சி) தானே வந்து சேரும் என்ற நம் அகத்திணை மரபு இந்த விளையாட்டுக்கென்றே வகுத்தது போலப் பொருந்துகிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த அடிப்படையில் அமைந்தது.

முதற்படி: இசைக்கு முன் அறையைக் கேளுங்கள்

விளையாடும் நாளில், விளையாடும் நேரத்தில், அறையில் தனியாக ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். மின்விசிறி, தெருவில் போகும் வண்டி, கீழ்வீட்டுக் குக்கர் விசில், ஆடி மாதமானால் தெருமுனை அம்மன் கோயிலில் கட்டியிருக்கும் ரேடியோ செட் என எல்லாமே உங்கள் பின்னணி இசையின் ஒரு பகுதி. அவற்றை நிறுத்த முடியாது. அவற்றுக்கு இடம் விட்டுத்தான் தேர்வு செய்ய முடியும்.

ஒரு மீட்டர் தொலைவில் இயல்பாகப் பேசும் குரல் ஏறத்தாழ 60 டெசிபல் இருக்கும். இசை அதைவிடக் குறைந்தது 10 டெசிபலாவது தாழ்ந்திருந்தால்தான் சொல் தெளிவாகக் கேட்கும். எங்கள் அறையில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தபோது கைபேசியின் ஒலியளவுச் செயலி 50க்கு மேல் காட்டியது. அதாவது, இசை இருக்க வேண்டிய இடத்தை மின்விசிறி ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. காற்று, மழை, நீரோட்டம் போன்ற தொடர் ஒலிகள் மின்விசிறியின் இரைச்சலில் கரைந்து காணாமல் போய்விடும். கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டினால் பேச்சு அமுங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் மின்விசிறியைக் குறைக்கச் சொல்வதும் நியாயமில்லை. ஆகவே கோடையில் நான் தொடர் ஒலிகளை விட்டுவிட்டு, இடைவெளி விட்டு வரும் ஒலிகளைத் தேர்ந்தெடுக்கிறேன். வீணையின் ஒற்றை மீட்டு, தொலைவில் ஒரு மணி, ஒரு பறவையின் விளி ஆகியவை குறைந்த அளவிலும் மின்விசிறியைத் தாண்டிக் கேட்கும். கார்த்திகை, மார்கழியில் மின்விசிறி நின்ற பிறகு மழையும் காற்றும் மேசைக்குத் திரும்பி வரும்.

ஒலிபெருக்கியை மேசையின் நடுவே வைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு அது இரைச்சல்; எட்டி இருப்பவருக்கு ஒன்றுமே இல்லை. மூலையில், சுவரைப் பார்த்தபடி, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் வைத்தால் ஒலி சுவரில் பட்டு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் பரவும். நீங்கள் அமரும் இடத்துக்குப் பின்னால் வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. உங்கள் குரலும் இசையும் ஒரே திசையிலிருந்து வந்தால் இரண்டையும் பிரித்துக் கேட்கக் காது கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: உடன் விளையாடுபவர்களிடம் கேளுங்கள்

தொடரின் முதல் அமர்வுக்கு முன்பே, எந்த ஒலிகள் மேசைக்கு வரலாம், எவை வரக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட வேண்டும். வெளியூர் வழிகாட்டிகளில் இந்தப் படிக்கு ஒரு வரிக்கு மேல் இருக்காது. நம் ஊரில் இது மிக முக்கியமானது. ஏனென்றால், நம் வாத்தியங்களில் பல இன்னும் தெய்வத்துக்கும் சாவுக்கும் சேவை செய்துகொண்டிருக்கின்றன.

ஒருமுறை, மலைக்குகையில் குறி சொல்லும் கிழவியைப் பாத்திரங்கள் சந்திக்கும் காட்சிக்கு உடுக்கை ஒலியை ஓடவிட்டேன். அரை நிமிடம் போயிருக்கும். எங்களில் மூத்தவரான அண்ணன் ஒருவர் கையிலிருந்த பகடையை மேசையில் மெல்ல வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முழங்கால் மேல் வைத்திருந்த இரண்டு கைகளும் நடுங்கின. கண் யாரையும் பார்க்கவில்லை. நான் ஒலியை நிறுத்தினேன். யாரும் எதுவும் பேசவில்லை. தண்ணீர் குடித்து ஆசுவாசப்பட்ட பிறகு, “மாசிப் படையலுக்கு எங்க கோயில்ல இதே அடிதான் தம்பி, அப்பா சாமியாடியா இருந்தாரு” என்று மட்டும் சொன்னார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனாலும் கேட்காமல் அந்த ஒலியை மேசைக்குக் கொண்டுவந்தது என் தவறு. கற்பனைத் தெய்வத்துக்காக நான் ஒலிக்கவிட்ட உடுக்கை, அவர் வீட்டுத் தெய்வத்தின் வாசலில் நின்றுவிட்டது.

அதன் பிறகு மூன்று கேள்விகளை வழக்கமாக்கிக்கொண்டேன். உங்கள் குலதெய்வ வழிபாட்டில் ஒலிக்கும் வாத்தியம் எது? வீட்டில் அண்மையில் துக்கம் நடந்திருக்கிறதா? விளையாட்டில் கேட்க விரும்பாத ஒலி வேறு ஏதேனும் உண்டா? சங்கும் சேகண்டியும் சேர்ந்து ஒலித்தால் தெருவே எட்டிப் பார்க்கும் ஊர் இது. துக்கம் நடந்து சில மாதங்களே ஆன வீட்டுப் பிள்ளை மேசையில் இருக்கும்போது அந்த இணையைப் பயன்படுத்தக் கூடாது. பதிலை மற்றவர்கள் முன் சொல்லத் தயங்குபவர்களும் உண்டு என்பதால் தனித்தனியாகக் கேட்பதே முறை.

மூன்றாம் படி: கதையின் நிலங்களைத் திணையாகப் பிரியுங்கள்

இசை தேடும் முன் உங்கள் கதையின் வரைபடத்தை எடுத்து, பாத்திரங்கள் போகக்கூடிய இடங்களை ஐந்து நிலங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கதை எல்ஃப்களும் குள்ளர்களும் வாழும் ஐரோப்பியச் சாயல் உலகமாக இருந்தாலும் இது பொருந்தும். மலை எங்கும் மலைதான், கடல் எங்கும் கடல்தான். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியம் அடுக்கும் கருப்பொருள் பட்டியலில் பறவையும் பறையும் யாழும் இருப்பதைக் கவனியுங்கள். நிலத்துக்கு ஒலி உண்டு, அந்த ஒலிக்கு இயற்கைப் பகுதி, தாளப் பகுதி, பண் பகுதி என மூன்று அடுக்கு உண்டு என்பது அதில் அடங்கியிருக்கிறது. நான் ஒவ்வொரு நிலத்துக்கும் இந்த மூன்று அடுக்குகளையும் தனித்தனிக் கோப்பாக வைத்துக்கொள்கிறேன். பயணத்தின்போது இயற்கை மட்டும் ஒலிக்கும். ஆபத்து நெருங்கினால் பறை சேரும். ஊரோ மக்களோ வந்தால் யாழ் சேரும்.

மலை நிலமான குறிஞ்சிக்கு உரிய பொழுது யாமம், அதாவது நள்ளிரவு. அகப்பொருள் இலக்கணம் அதற்குத் தொண்டகப் பறையைச் சொல்கிறது. மலை இரவில் ஒலி குறைவு, எதிரொலி அதிகம். ஆகவே பூச்சி ஒலியும், நெடிய எதிரொலியுடன் எப்போதாவது விழும் ஒரு பறையடியும் போதும். அழகர் மலையடிவாரத்தில் பொழுது சாய்ந்த பிறகு நின்றவர்களுக்கு அந்த வெறுமையின் அளவு தெரியும்.

காட்டு நிலமான முல்லைக்குப் பொழுது மாலை, பறை ஏறுகோட்பறை. அலங்காநல்லூருக்கும் பாலமேட்டுக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏறு தழுவும் நிலத்தின் பறை எப்படி அதிரும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாடிவாசல் வேகத்தை முல்லையின் அன்றாட ஒலியாக வைக்கக் கூடாது. அன்றாட முல்லை என்பது மாடுகள் வீடு திரும்பும் நேரத்தில் கழுத்து மணிகள் ஒழுங்கில்லாமல் ஒலிப்பதும், தொலைவில் ஒரு புல்லாங்குழலும்தான். விடுதிகளும் சிற்றூர்களும் வழிப்பயணமும் நிறைந்த கற்பனைக் கதைகளில் பாதிக்கு மேல் முல்லையில் நடப்பதால், இந்த நிலத்துக்குத்தான் அதிக நேரம் செலவிட்டுத் தடங்களைச் சேர்க்க வேண்டும்.

வயல் நிலமான மருதம் வைகறைப் பொழுதின் நிலம். மணமுழவும் நெல்லரிகிணையும் அதன் பறைகள். 1895இல் பெரியாறு அணை முடிந்து தண்ணீர் வந்ததிலிருந்து மேலூர் பக்கத்து வயல்கள் மருதத்தின் ஒலியைத் தாங்கி நிற்கின்றன: வாய்க்கால் மடையில் தண்ணீர் விழும் ஒலி, கொக்கு, நாரை, விடியலில் கோழி. கதையில் அரசர் ஊர், சந்தை, அரண்மனை ஆகியவற்றையும் மருதத்தில்தான் சேர்க்கிறேன். அரண்மனைக்கு வீணை ஆலாபனை மிகவும் பொருந்தும். தாளம் இல்லாததால் அது பேச்சின் வேகத்தை இழுக்காது. விடியற்காலை என்று வாயால் சொல்லாமலே உணர்த்த வேண்டுமானால் பூபாள ராக ஆலாபனை நம்மவர்களுக்கு உடனே புரியும்.

கடற்கரை நிலமான நெய்தலுக்குப் பொழுது எற்பாடு (வெயில் சாயும் நேரம்), பறை மீன்கோட்பறை. கடல் ஒலி இணையத்தில் நிறையக் கிடைக்கிறது என்றாலும், பெரும்பாலானவை பாறையில் மோதும் பேரலைகள். நம் கிழக்குக் கரையின் மெல்லலை வேண்டுமானால் இராமநாதபுரம் பக்கம் போய் நீங்களே பதிந்துகொள்ள வேண்டும்.

வறண்ட பாலைக்குத் தனியாக நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலை என்ற வடிவம் கொள்கின்றன என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை சொல்கிறது. நான் கையாளும் உத்திகளில் மிகவும் பயன்பட்டது இந்த வரியிலிருந்து பிறந்ததுதான். பாலைக்குப் புதிய தடம் எதுவும் தேடாதீர்கள். பாத்திரங்கள் ஏற்கெனவே பழகிய முல்லைத் தடத்தை எடுத்து, அதிலிருந்து தண்ணீரை நீக்குங்கள், பிறகு பறவையை நீக்குங்கள், மாட்டுமணியில் ஒன்றை மட்டும் மிச்சம் வையுங்கள். சபிக்கப்பட்ட ஊருக்குள் நுழைகிறீர்கள் என்று ஒரு சொல்லும் சொல்லாமல் இதை ஓடவிட்டேன். எங்கள் குழுவில் திருடன் பாத்திரம் ஏற்கும் தங்கை, மூன்று நிமிடம் கழித்து, “அண்ணே, இந்த ஊர்ல காக்கா கூட இல்லையா?” என்று கேட்டாள். ஊர் எரிந்து அடங்கிய கதையை அதன் பிறகுதான் சொல்லத் தொடங்கினேன்.

நான்காம் படி: ஒவ்வொரு தடத்தையும் சோதியுங்கள்

பாட்டு வரி உள்ள எதையும் பின்னணிக்கு வைக்க வேண்டாம். பேச்சைப் புரிந்துகொள்ளும் மனம், காதில் விழும் வேறு சொற்களையும் தானாகவே கவனிக்கத் தொடங்கிவிடும். புரியாத மொழிப் பாட்டு பரவாயில்லை என்பார்கள். மனிதக் குரல் எந்த மொழியானாலும் கவனத்தை இழுக்கும் என்பதே என் அனுபவம்.

திரைப்படப் பின்னணி இசையையும் முழுமையாகத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது தரத்தில் குறைந்தது என்பதால் இதைச் சொல்லவில்லை. நம் ஊரில் முதல் இரண்டு நொடியிலேயே படமும் நாயகனும் காட்சியும் எல்லோருக்கும் நினைவுக்கு வந்துவிடுவதால், மேசையில் பிறந்துகொண்டிருக்கும் முகம் அந்த முகத்துக்கு வழிவிட்டு ஒதுங்கிவிடுகிறது. புகழ்பெற்ற வீடியோ கேம் இசைக்கும் இது பொருந்தும்.

அடுத்து, வாத்தியம் பேச்சுக் குரலின் மீது ஏறுகிறதா என்று பாருங்கள். ச, த, ட போன்ற மெய்யொலிகளைத் தெளிவாக்குவது பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. நாகஸ்வரத்தின் ஆற்றல் இந்தப் பகுதியில் நிறைந்திருக்கிறது. வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்கத் திறந்த வெளிக்கென உருவான வாத்தியம் அது. எனக்கு மிகவும் பிடித்த வாத்தியமும் அதுவே. இருந்தாலும், சிறிய அறையில் அதைப் பின்னணியாக ஓடவிட்டால் ஒருவர் பேசுவதும் கேட்காது. மன்னர் வருகை, கோட்டைக் கதவு திறப்பது போன்ற தருணங்களுக்குப் பத்து நொடி மட்டும், யாரும் பேசாத இடைவெளியில் ஒலிக்கவிடுங்கள். அந்தப் பத்து நொடி மாலை முழுவதும் நினைவில் நிற்கும். வீணை, தம்பூரா, மிருதங்கத்தின் தொப்பி ஒலி ஆகியவை தாழ்ந்த பகுதியில் இருப்பதால் நீண்ட நேரத்துக்கு ஏற்றவை.

கடைசியாக, தடத்தை ஓடவிட்டுக்கொண்டு கதையின் ஒரு பத்தியை நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் குரல் தானாக உயர்ந்தால் ஒலி அதிகம். உங்கள் பேச்சு தாளத்தோடு ஓடத் தொடங்கினால் தாளம் அதிகம். இரண்டும் நேராமல் பத்தி முடிந்தால் அந்தத் தடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: சண்டைக்கு இசை

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிப்படி சண்டையின் ஒரு சுற்று கதையில் ஏறக்குறைய 6 நொடி. மேசையில், ஆறு பேர் யோசித்துப் பகடை உருட்டி விளைவைக் கணக்கிட்டுச் சொல்லி முடிக்க அதே சுற்றுக்குப் பத்து நிமிடம் ஆகலாம். கதையில் அரை நிமிடம் நடக்கும் சண்டை மேசையில் ஒரு மணி நேரத்தை எட்டிவிடும். அந்த ஒரு மணி நேரமும் வெறிகொண்ட தாளம் ஒலித்தால் முதல் கால் மணிக்குள் காது மரத்துவிடும். சிந்தித்துத் தீர்மானிக்க வேண்டியவர் எரிச்சலடைவார். அவசரம் என்று இசை சொல்லிக்கொண்டிருக்க, மேசையில் ஒருவர் நிதானமாகக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார்.

ஆகவே சண்டையின் இசையை மூன்றாக வெட்டுகிறேன். சண்டை மூளும் கணத்தில் உறுமி. தோலின் மீது வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கும்போது அது எழுப்பும் முனகலுக்கு ஈடான ஒலியை நான் வேறெங்கும் கேட்டதில்லை. நான்கு நொடி அந்த முனகல், பிறகு அடி. முதல் சுற்று முழுவதும் பறையோ தவிலோ விரைவாக ஒலிக்கலாம். இரண்டாம் சுற்றிலிருந்து அதைத் தாழ்த்தி, நெஞ்சுத் துடிப்பைப் போன்ற ஒற்றை அடி மட்டும் மெல்ல ஓடும். அந்த நிலத்துக்குரிய இயற்கை ஒலி அடியில் தொடர வேண்டும், இல்லையென்றால் சண்டை எங்கே நடக்கிறது என்பதே மறந்துபோகும். யாராவது வீழும்போதோ எதிரித் தலைவன் தோன்றும்போதோ தாளம் மறுபடி எழலாம். ஒரு சண்டையில் இந்த எழுச்சியை இரண்டு முறைக்கு மேல் பயன்படுத்துவதில்லை.

உறுமிக்கும் இரண்டாம் படியில் சொன்ன கேள்விகள் பொருந்தும். பலருக்கு அது கோயில் வாத்தியம்.

ஆறாம் படி: நம் நிலத்தின் ஒலியை நாமே பதிவு செய்தல்

இணையத்தில் கிடைக்கும் காட்டு ஒலிகளில் பெரும்பாலும் நம்மிடம் இல்லாத பறவைகள். குயிலும் மயிலும் ஆந்தையும் வேண்டுமானால் கைபேசியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கீழக்குயில்குடி சமணர் மலையடிவாரம், யானைமலைக்குப் பின்புறம், 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி ஆகியவை சூரியன் எழுவதற்கு முன் செல்ல ஏற்ற இடங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. எனவே அந்த மண்டபங்களின் எதிரொலியைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் கணினியில் எதிரொலி சேர்த்து நெருங்க முயல வேண்டும்.

கைபேசியின் சாதாரணக் குரல்பதிவுச் செயலி சத்தத்தைக் குறைக்கிறேன் என்று மெல்லிய ஒலிகளை அழித்துவிடும். அந்த வசதியை அணைக்க முடிகிற செயலியில், வேவ் வடிவத்தில் பதியுங்கள். ஒலிவாங்கி மீது மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றினால் காற்றின் இரைச்சல் குறையும். கைபேசியைக் கையில் பிடிக்காமல் கல்லின் மீதோ பையின் மீதோ வைத்துவிட்டுப் பத்தடி விலகி நில்லுங்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் மழை ஓய்ந்த இரவில், மேலூர்ச் சாலையை ஒட்டிய ஒரு கண்மாய்க்கரையில் பன்னிரண்டு நிமிடம் தவளைச் சத்தம் பதிந்தேன். முதலில் ஒரே இரைச்சலாகத் தோன்றியது. கேட்கக் கேட்க, கரையோரம் தடித்த குரலில் ஒன்று முதலில் எழுப்புவதும், எதிர்க்கரையில் மெல்லிய குரல்கள் கூட்டமாகப் பதில் சொல்வதும், திடீரென்று எல்லாம் ஒரே கணத்தில் நிற்பதும் பிடிபட்டன. நிற்கும் ஒவ்வொரு முறையும் கரையில் ஏதோ ஓர் அசைவு. ஒருமுறை தண்ணீர்ப் பாம்பொன்று நெளிந்து போனதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். அந்த நிசப்தம்தான் எனக்குக் கிடைத்த புதையல். சதுப்பு நிலக் காட்சியில் தவளைகள் சத்தமிடும் வரை பாதுகாப்பு, அவை நின்றால் நீரில் ஏதோ வருகிறது. இதை நான் விளக்கவே இல்லை. இரண்டாவது அமர்வில் தவளைச் சத்தம் நின்றதும் நால்வரும் ஒரே நேரத்தில் பகடையைக் கையில் எடுத்தார்கள்.

ஏழாம் படி: கோப்புகளைச் சீராக்குதல்

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். வண்டி ஹாரன் போன்றவற்றை வெட்டி எடுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வடிகட்டினால் காற்றின் உறுமலும் கைபட்ட அதிர்வும் போய்விடும். 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை நான்கு டெசிபல் தணித்தால் பேச்சுக்கு வழி கிடைக்கும். தடத்தின் முடிவும் தொடக்கமும் ஒன்றோடொன்று தேய்ந்து கலக்குமாறு இணைத்து, குறைந்தது எட்டு நிமிட நீளத்துக்கு லூப் செய்யுங்கள். ஒரு நிமிடத் தடம் திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஒற்றைக் குயில் எப்போது கூவும் என்று எல்லோரும் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இறுதியாக எல்லாக் கோப்புகளையும் லவுட்னஸ் நார்மலைசேஷன் மூலம் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாவிட்டால் தடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒலியளவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பதிவு செய்ய நேரமில்லாதவர்களுக்கு, பத்து நிமிடச் சூழலொலிகளை இலவசமாகத் தரும் டேபிள்டாப் ஆடியோவும், பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளமும் உண்டு. ஃப்ரீசவுண்டில் ஒவ்வொரு ஒலிக்கும் உரிமம் தனித்தனி என்பதால் படித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். வீட்டில் நண்பர்களோடு விளையாடும்வரை சிக்கல் இல்லை; அமர்வை யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால் உரிமை பற்றிய கவனம் தேவை. இந்தியச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்து வரும் 60 ஆண்டுகள். பழைய இசைத்தட்டுகளில் உள்ள நாகஸ்வர, வீணை வாசிப்புகள் பல அந்தக் காலத்தைக் கடந்துவிட்டன. ஆனால் வாசிக்கப்படும் உருப்படிக்குத் தனி உரிமை உண்டு என்பதால், ஆலாபனைப் பகுதிகளை எடுப்பது பாதுகாப்பானது.

எட்டாம் படி: அமர்வில் கையாளுதல்

இசைக்கென்று தனிக் கைபேசி வைத்து, அதை விமானப் பயண நிலையில் போட்டு ப்ளூடூத்தை மட்டும் இயக்குங்கள். குகையின் இருட்டில் அம்மாவின் அழைப்பு மணி ஒலிபெருக்கியில் முழங்கினால் அந்தக் காட்சி அதோடு முடிந்தது. பல ப்ளூடூத் ஒலிபெருக்கிகள் சிறிது நேரம் ஒலி வராவிட்டால் தாமாகவே அணைந்துவிடும். நிசப்தத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்துபவர்களுக்கு இது பெரிய இடையூறு. அதனால் நான் காதுக்குக் கேட்காத அளவில் தம்பூரா ஒலி ஒன்றை எப்போதும் ஓடவிட்டிருக்கிறேன். மின்தடைக்கு இன்வெர்ட்டரை நம்பாமல் ஒலிபெருக்கியை முன்பே சார்ஜ் செய்துவிடுங்கள்.

ஓர் அமர்வுக்கு ஆறு தடங்களுக்கு மேல் வேண்டாம். கதை சொல்லும் வாய், விதிப்புத்தகம் புரட்டும் கை, முகங்களைப் பார்க்கும் கண் ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு ஒருவர் பிளேலிஸ்ட்டில் தேடிக்கொண்டிருந்தால், எவ்வளவு நல்ல இசையும் கதைக்கு உதவாது. தடம் மாறும்போது பழையது தேய்ந்து புதியது எழ வேண்டும். ஸ்பாட்டிஃபையில் இந்த க்ராஸ்ஃபேடை 12 நொடி வரை வைக்கலாம். நிலம் மாறும் பயணங்களுக்கு 12 நொடியும், கதவைத் திறந்து உள்ளே போகும் காட்சிக்கு மூன்று நொடியும் எங்களுக்குச் சரியாக இருக்கின்றன. புதிய இடத்தை விவரிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே ஒலி மாறிவிட்டால், உங்கள் முதல் வாக்கியத்துக்கு எல்லோரும் தயாராக இருப்பார்கள்.

ஒருவர் தம் பாத்திரத்தின் மனத்தைத் திறந்து நீண்ட நேரம் பேசத் தொடங்கினால் இசையை மெல்ல இறக்கி நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்தில் அவர் குரலைவிட மேசைக்கு வேண்டியது வேறொன்றும் இல்லை. அவர் முடித்தவுடனும் இசையை ஏற்ற வேண்டாம், அடுத்தவர் பேசட்டும்.

அமர்வை முடிக்க ஒரே தடத்தை எப்போதும் பயன்படுத்துங்கள். கச்சேரியின் நிறைவுக்கு மத்யமாவதி ராகத்தை வைக்கும் நம் வழக்கத்தை ஒட்டி, நாங்கள் ஒரு மத்யமாவதி வீணை ஆலாபனையை நான்கு நிமிடத்துக்கு வெட்டி வைத்திருக்கிறோம். அது எழுந்ததும் பாத்திரத் தாள்கள் மடங்கும், பகடைகள் சுருக்குப் பைக்குள் போகும். அண்ணன் எழுந்து மின்விசிறியை மறுபடி ஐந்தில் வைப்பார். அந்த நான்கு நிமிடம் முடியும் வரை அடுத்த ஞாயிறு யார் வர முடியும் என்ற பேச்சை எங்கள் மேசையில் யாரும் எடுப்பதில்லை.